இன்னைக்கு யார் கை?

கோலாலம்பூர்க்காரனுக்குச் சாப்பிடத் தெரியாது. இதை வீட்டில் சொன்னால் என் மனைவிக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும், அவளுடைய அண்ணன் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. வரட்டுமே. உண்மையைச் சொல்ல எனக்கென்ன பயம்? விடுமுறை விட்டால் போதும், பினாங்குப் பாலம் முழுக்க அவர்கள் கார்தான். வந்து இறங்கியதும் எங்கே வரிசை நீளமாக நிற்கிறதோ அங்கே போய் வாலில் ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் என்ன விற்கிறது என்றுகூடக் கேட்பதில்லை. வெயிலில் வெந்து ஒரு கிண்ணம் லக்சா, அதாவது புளித்த மீன் சாற்று நூடுல்ஸ், வாங்கி, அது ஆறிப் பழங்கஞ்சியாகும்வரை போட்டோ எடுத்து, அப்புறம் ஒரு வாய் வைத்துவிட்டு "சூப்பர் லா" என்பார்கள். அந்த லக்சாவுக்கு வாய் இருந்தால் காறித் துப்பியிருக்கும்.

நாங்கள் வரிசையைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்போம். கொய்த்தியாவோ மீயோ, எந்த நூடுல்ஸ் கடையானாலும் பினாங்குக்காரன் உடனே வண்டியை நிறுத்த மாட்டான். மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே கழுத்தை நீட்டி அடுப்படியை எட்டிப் பார்ப்பான். "இன்னைக்கு யார் கை?" என்று ஒரு கேள்வி. பெரியவர் கை என்றால் இறங்குவான். மகன் கை, மருமகன் கை என்றால் முறுக்கிக்கொண்டு போய்விடுவான். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூன்று பேரும் ஒத்துப்போகிற விஷயங்கள் இந்த ஊரில் அதிகமில்லை. இது ஒன்று.

எங்கள் சந்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவன் நான். பெயர் ஞானமுத்து, சீனர்களுக்கு வெறும் முத்து. பட்டர்வொர்த் பெர்ரிப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, நாக்கு இருக்கிறது. லே செங்கின் கோப்பிக்கடையில் தூணோரத்து மேசை என்னுடையது. அங்கே உட்கார்ந்து நான் தட்டை வழித்துச் சாப்பிட்டால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். தட்டைத் தள்ளிவைத்தால் நகர்ந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போ?

கடை வாசலில் கரியடுப்பு வைத்துக் கொய்த்தியாவ் வறுப்பவன் பூன் கியட். என் வயதுதான். தலையில் நீலத் துணித் தொப்பி, மூக்குவரை சுற்றிய துண்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. புகைக்கும் எண்ணெய்த் தெறிப்புக்கும் அந்த வேஷம். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் வறுப்பான். இரும்புக் குவாலிச் சட்டி பழுத்துப் புகை விடும் நேரம் பார்த்து அரிசிப் பட்டை நூடுல்ஸைப் போட்டு, இறாலும் முளைப்பயறும் சேர்த்து, வாத்து முட்டையை உடைத்து, சிப்பியைக் கடைசியில் எறிந்து இறக்கிவிடுவான். யாராவது அவசரப்படுத்தினால், "அவ்வளவு பசின்னா வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டியைக் கடிச்சுத் தின்னு" என்பான். வாய் அப்படி, கை இப்படி.

போன மாதம் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அவன் மகள் பெக் ஹூன் கரண்டியைப் பிடித்தாள். முப்பது தாண்டியவள், பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அப்பன் பக்கத்தில் நின்று இறால் உரித்து, கரி அள்ளிப் போட்டு வளர்ந்தவள். இருக்கட்டும். கரி அள்ளினால் கை வந்துவிடுமா? பெர்ரியில் கயிறு இழுத்தவனெல்லாம் கப்பல் ஓட்டிவிட முடியுமா?

அந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினேன். பெக் ஹூன் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்தாள். தலையில் ஒன்றுமில்லை, முகத்தில் துண்டில்லை.

"அப்பன் எங்கே?" என்றேன்.

"தோள் வலி, அங்கிள். பின்னால போயிருக்காரு. நீங்க சாப்பிடுங்க."

இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய்க்கு மனம் வரவில்லை. தட்டைத் தள்ளிவைத்துக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "நெருப்பு ஏறவே இல்லை. சிப்பி உள்ளே உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்கு. கை மாறிடுச்சுப்பா!"

வாசலில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வண்டியை முறுக்கிக்கொண்டு போனார்கள். பெக் ஹூன் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அதற்கப்புறம் நாளுக்கு நாள் கூட்டம் குறைந்தது. நான் காயா என்கிற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டிக்கு மாறிவிட்டேன். காலை வேளையில் ரொட்டி தின்பது எனக்கும் கேவலமாகத்தான் இருந்தது, என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் லே செங் என் மேசைக்கு வந்து நின்றாள். இந்தக் கடைக்கு மூன்றாம் தலைமுறை முதலாளி, எங்கள் வாயில் 'தாவ்கே', சும்மா வந்து நிற்கிற ஆள் இல்லை.

"முத்து, அக்கரையில புக்கிட் மெர்தாஜாமிலேர்ந்து ஒருத்தன் அந்த மூலையைக் கேட்டு வந்திருக்கான். நல்லா வறுப்பானாம். கொய்த்தியாவுக்குக் கூட்டம் வந்தாத்தான் என் கோப்பி விக்கும். கடையே ஈயோட்டுது, பார்த்தியா?"

"குடுத்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"பெக் ஹூனைக் காலி பண்ணச் சொல்றது அவ்வளவு லேசாப் போச்சா உனக்கு? நாளைக்கு வா. ஒரு தட்டு முழுசாச் சாப்பிடு. அப்புறம் எல்லார் முன்னாலயும் சொல்லு. நீ கை இல்லேன்னு சொன்னா, இந்த மாசத்தோட அவ போகட்டும்."

பெக் ஹூன் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "அங்கிள், எனக்கு வேற தொழில் தெரியாது. அப்பாவால இனிமே நாள் பூரா நிக்க முடியாது. ஒரே ஒரு தட்டு. ரெண்டு வாயோட நிறுத்தாம முழுசாச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றேன். என்ன பார்ப்பது? தீர்ப்பு என் பையில் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்து சேர்ந்தான் என் மனைவியின் அண்ணன் மகன் லோகேஷ், புதுப் பெண்டாட்டி ஷர்மிளாவைக் கூட்டிக்கொண்டு. காரை விட்டு இறங்கும்போதே கையில் போன்.

"மாமா, இந்தக் கடைக்குப் போகலாமா? நிறைய பேர் போட்டிருக்காங்க. வரிசை தெரு முனை வரைக்கும் நிக்குதாம்."

"தெரு முனையில பாலு வாத்தியார் வீட்டுச் சாக்கடை இருக்கு. அதுவரைக்கும் நின்னு சாப்பிடணும்னு உனக்குத் தலையெழுத்தா? பேசாம என்கூட வா."

"அங்கே பார்க்கிங் இருக்குமா, மாமா?" என்று கேட்டாள் ஷர்மிளா. சாப்பிடப் போகும்போது பார்க்கிங்கைப் பற்றிக் கேட்கிறவளிடம் நான் என்னத்தைப் பேச?

சந்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அடுப்புக்குப் பின்னால் நீலத் தொப்பி! மூக்குவரை துண்டு, முழுக்கைச் சட்டை, புகைக்குள் குனிந்த முதுகு. பூன் கியட் திரும்பி வந்துவிட்டான். பெக் ஹூனைக் காணோம். சமாளிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் பிழைப்பை என் வாயால் கெடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

"ஏய் கிழவா! தோளை யார்கிட்ட காட்டினே? எலும்பு முறிவு வைத்தியரா, சாமியாரா?" என்று கத்தினேன்.

தொப்பி திரும்பவில்லை. கரண்டி மட்டும் குவாலியில் டங்கென்று தட்டியது.

"கோவிச்சுக்கிட்டான்" என்று லோகேஷிடம் விளக்கினேன். "கோலாலம்பூர் ஆளுங்களைப் பார்த்தாலே அவனுக்கு வாய் அடைச்சுடும். உங்க ஊர் ராசி அப்படி."

தூணோரத்து மேசையில் உட்கார்ந்தோம். லே செங் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் வழக்கத்துக்கு விரோதமாக ஒரு சிரிப்பு. ஷர்மிளா அவளிடம், "சிப்பி வேணாம், எண்ணெய் கம்மியா, முளைப்பயறும் வேணாம்" என்றாள். அப்புறம் அதில் மிச்சம் என்னம்மா இருக்கிறது, தட்டைத்தானே நக்க வேண்டும்? லே செங் அப்படியே கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

லோகேஷ் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான். நெருப்பை எடுத்தான், குவாலியை எடுத்தான், தொப்பியோடு ஏதோ பேசினான். பூன் கியட் அவனைக் கரண்டியால் போடப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். போடவில்லை. என்னடா இது அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்தவன், "மாமா, அங்கே வறுக்கிற அந்த..." என்று ஆரம்பித்தான்.

"முதல்ல உட்காரு. வறுக்கிறவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது. நெருப்பு கலைஞ்சுடும்."

"இல்லை மாமா, அவங்க..."

"அவங்க இவங்க எல்லாம் அப்புறம். தட்டு வருது பார். வாயை மூடு, மூக்கைத் திற. முதல்ல வாசனை."

வந்தது தட்டு. ஐயோ, அந்த வாசனையை எப்படிச் சொல்வேன்! காயா ரொட்டியால் செத்துக் கிடந்த என் நாக்கு எழுந்து உட்கார்ந்தது. நூடுல்ஸின் ஓரம் கருகாமல் கருகியிருந்தது. சிப்பியைக் கடித்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, அப்படியே உயிரோடு இருந்தது. பேசாமல் தட்டை வழித்தேன். வழித்துவிட்டு லோகேஷ் தட்டில் மிச்சமிருந்த இறாலையும் எடுத்துக்கொண்டேன். அவனுக்கு எதற்கு?

லே செங் வந்து நின்றாள். "என்ன முத்து? சொல்றேன்னியே?"

நான் நாற்காலியைத் தள்ளி எழுந்தேன். தீர்ப்பு நாள் என்று கடையில் நல்ல கூட்டம், எல்லோரும் தெரிந்தவர்கள். வாசலில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வேறு. இந்த மாதிரி சந்தர்ப்பத்தை நான் விடுகிறவன் இல்லை.

"தாவ்கே, கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்குங்க! இதுக்குப் பேர்தான் கை. இந்த மூலையை எவனுக்கும் குடுக்காதே. புக்கிட் மெர்தாஜாம்காரன் வந்தா அப்படியே பெர்ரி ஏத்தி அனுப்பு. இந்தக் கை இருக்கிற வரைக்கும் இந்த இடம் இந்தக் கைக்குத்தான்!" அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா இது? "ஏய் பூன் கியட், ஒண்ணு மட்டும் சொல்றேன். இனிமே அந்தப் பொண்ணு கையில கரண்டியைக் குடுக்காதே. அவ அன்னிக்கு வறுத்ததை நாய்கூடத் திங்காது!"

தொப்பி குவாலியை இறக்கி வைத்தது. துண்டை அவிழ்த்தது. தொப்பியைக் கழற்றியது. உள்ளே சுருட்டிச் செருகியிருந்த கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"நன்றி, அங்கிள்" என்றாள் பெக் ஹூன்.

கடையில் எழுந்தது பார் ஒரு சிரிப்பு! மூன்று இனமும் ஒரே குரலில் சிரித்தது. ஷர்மிளாகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதைத்தானே மாமா சொல்ல வந்தேன்" என்றான் லோகேஷ் பாவமாக. "அந்த அக்கா ரொம்ப நல்லா வறுக்கிறாங்கன்னு. நீங்கதான் விடலை."

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் கை எழவில்லை. என் காது இரண்டும் சுட்டன. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "சரி, கத்துக்கிட்டா. அன்னிக்குக் கை வரலை, இன்னிக்கு வந்திருக்கு. அன்னிக்கு நான் சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

பின்பக்கக் குழாயடியிலிருந்து பூன் கியட் வந்தான். கையில் இறால் வாளி, பனியன் முழுக்கத் தண்ணீர். அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறான் படுபாவி.

"அன்னிக்கா?" என்றான். "அன்னிக்கு நீ தள்ளிவச்ச தட்டை யார் வறுத்தான்னு நினைச்சே?"

"உன் மகதான். என் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணு பேப்பர்ல இருந்துச்சு. அது நான் வறுத்தது. கையைத் தூக்க முடியாம வறுத்தேன். இறக்கினதும் தோள் சுண்டி இழுத்துச்சு, பின்னால போயிட்டேன். அவ தட்டைத் தூக்கிட்டு வந்தா, அவ்வளவுதான். நெருப்பு ஏறலேன்னு சொன்னியே, அது என் நெருப்பு. அழுத சிப்பி என் சிப்பி. நாய்கூடத் திங்காதுன்னு இப்போ சொன்னியே, அதுவும் என்னைத்தான்."

"அப்போ அன்னிக்கே சொல்றதுக்கென்ன, மூதேவி?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே? கிழவன் கையும் போச்சு, இழுத்து மூடுன்னு கத்தியிருப்பே. அதனாலதான் இன்னிக்கு இவகிட்ட தொப்பியைக் குடுத்தேன். வேணாம்பா, என் முகத்தோடயே வறுக்கிறேன்னுதான் சொன்னா. நான்தான், அந்த ஆளுக்கு நாக்கு கண்ணுலதான் இருக்குன்னு சொல்லிப் போட வச்சேன்." வாளியைக் கீழே வைத்தான். "இத்தனை வருஷமா நீ என் கொய்த்தியாவைத் தின்னலை, முத்து. என் தொப்பியைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கே."

மறுபடியும் சிரிப்பு. லே செங் என் கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டே, "இந்தக் கை இருக்கிற வரைக்கும் இந்த இடம் இந்தக் கைக்குத்தான். உன் வாயால சொன்னது. எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றாள். பெக் ஹூன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டுக்கு முட்டையை உடைத்தாள். புகை என்று யாராவது சொல்லிக்கொள்ளலாம். அது புகை இல்லை.

லோகேஷும் ஷர்மிளாவும் மத்தியானம் கிளம்பினார்கள். போகும்போது மறுபடி சந்துக்குப் போய் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டார்களாம். பாலம் தாண்டி, பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்து, கோலாலம்பூர் போய்ச் சேரும்போது அது என்னவாகியிருக்கும்? நான் சொன்னேன் இல்லையா, சாப்பிடத் தெரியாத ஜனங்கள். ஆனால் ஒன்று, அந்தப் பயல் வந்தான், பார்த்தான், தின்றான், நன்றாயிருக்கிறது என்றான். யார் கை என்று அவன் கேட்கவே இல்லை. அதுதான் ராத்திரி முழுக்க எனக்கு நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது.

திங்கட்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். மனைவியே, "கொஞ்ச நாளைக்கு வேற கடைக்குப் போங்களேன்" என்றாள். போனால் பயந்துவிட்டேன் என்பார்களே! வழக்கமான நேரத்துக்குப் போய்த் தூணோரத்தில் உட்கார்ந்தேன். நீலத் தொப்பி ஆணியில் தொங்கியது. பெக் ஹூன் கூந்தலை இறுக்கிக் கட்டி, வெறும் தலையோடு அடுப்புக்கு முன்னால் நின்றாள். பூன் கியட் ஸ்டூலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தட்டு" என்றேன்.

"உட்காருங்க அங்கிள், வரும்" என்றாள். எனக்கு அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் போனது. அதற்கும் அப்புறம் வந்தவர்களுக்கும் போனது. கடைசியில் வந்தது. அவள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தது. போன மாதம் நான் கத்தியதும் முறுக்கிக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருவன், மீன் சந்தைக்காரன். காலைத் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். ஆணியில் தொப்பியைப் பார்த்தான், வெறும் தலையைப் பார்த்தான். அப்புறம் என் மேசையைப் பார்த்தான்.

"முத்து! இன்னைக்கு யார் கை?"

பெக் ஹூன் என்னைப் பார்த்தாள். இறால் உரித்த கை நின்றது. லே செங் கோப்பி கலக்குவதை நிறுத்தினாள். வாயில் கொய்த்தியாவ், நாக்கில் நெருப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"கையைக் கேட்டுத்தான் திம்பியா? உனக்கு வாய் இல்லை?" என்று கத்தினேன். "பெக் ஹூன் கை! இறங்கி உட்காருடா!"

அவன் இன்னும் சந்தேகமாக என் தட்டையே பார்த்தான். நான் குனிந்து மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு வெறும் தட்டைத் தூக்கி அவனுக்குக் காட்டினேன்.

அவன் இன்ஜினை அணைத்தான்.